மேடையில் சொன்ன சாட்சி

நீடாமங்கலத்துக்கு வெளியே, அறுத்த வயலில் பந்தல் போட்டு சுகமளிக்கும் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். நெல் அறுத்துவிட்டால் வயல் சும்மா கிடக்கிறது என்று பட்டணத்துக்காரர்களுக்கு நினைப்பு. அந்த வயலில் உளுந்து முளைத்து இலை விட்டிருந்தது. அதன் மேல்தான் லாரியை ஏற்றினார்கள், நாற்காலி போட்டார்கள், ஜெனரேட்டரை இறக்கினார்கள். வயல்காரருக்கு வாடகை கொடுத்தாயிற்றாம். முளைத்த உளுந்தை மிதிக்கிறீர்களே, கண் தெரியவில்லையா என்று கேட்டேன். நான் பாஸ்டராக இருக்கிற சபைக்காரன் அறிவுச்செல்வன்தான் உள்ளூரில் எல்லா ஏற்பாடும் செய்தவன். அவன் என் கையைப் பிடித்து, "ஐயா, ஆத்தும அறுவடை நடக்கிற எடத்துல உளுந்தைப் பத்திப் பேசாதீங்க" என்றான்.

கூட்டத்தின் கடைசி நாள் குந்தவை மேடை ஏறினாள்.

குந்தவை என் சபைப் பிள்ளை. நடவுக்குப் போகிறவள். வயலில் இறங்கினால் அவள் வாய்க்கு நடுங்கி மற்ற பெண்கள் வேகமாக நடுவார்கள். கார்த்திகையில் இருமல் பிடித்தது, உடம்பு கரைந்தது, சளியில் ரத்தம் வந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். அரசாங்க மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் தினமும் முழுங்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது. முழுங்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் இருமல் அடங்கிவிட்டது. முகத்தில் ரத்தம் ஓடியது. மாத்திரை செய்த வேலை அது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கூட்டம் வந்தது.

மேடையில் பேசியவர் சென்னையிலிருந்து வந்த தம்பி. வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் செருப்பு. பேரைச் சொல்ல மாட்டேன், போஸ்டரில் போதுமான அளவுக்குப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். குணமானவர்கள் மேலே வரலாம் என்றார். அறிவுச்செல்வன் குந்தவையைத் தள்ளிவிட்டான்.

"பேரு என்ன தாயி?"

"குந்தவைங்க."

"ராணி பேரு. என்ன வியாதி?"

"டிபிங்க."

"இப்ப இருமு, பாப்போம்."

அவள் இருமிப் பார்த்தாள். வரவில்லை. பந்தலே கை தட்டியது. தம்பி மைக்கை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "இனிமே மாத்திரை வேணுமா?" என்று கேட்டார்.

நான் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை ஜனம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பொம்பளை வேண்டும் என்று சொல்லுவாள்? குந்தவை சுற்றிலும் பார்த்தாள். "வேண்டாங்க" என்றாள். தம்பி மைக்கைத் தன் வாய்க்கு எடுத்துக்கொண்டார். அடுத்த ஆள் ஏறிவிட்டான்.

எங்களைப் போன்ற சபையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யாருக்கு என்ன நல்லது நடந்ததோ, எழுந்து நின்று சொல்லலாம். மாடு கன்று போட்டது, மகனுக்கு வேலை கிடைத்தது, வயிற்றுவலி போனது. சொல்லி முடித்ததும் எல்லாரும் ஸ்தோத்திரம் என்போம். அந்தச் சாட்சி கோர்ட்டில் சொல்கிற சாட்சியை விடப் பெரியது. கோர்ட்டில் பிறழலாம், வக்கீல் பார்த்துக்கொள்வார். சபையில் சொன்னதை வாபஸ் வாங்கினால் ஆண்டவரையே பொய்யர் ஆக்கியதாக அர்த்தம். விட்ட வியாதி ஏழு மடங்காகத் திரும்பும் என்பார்கள். அதனால் கிடைத்ததை மட்டும்தான் ஜனங்கள் சொல்லுவார்கள். கேட்டேன், கிடைக்கவில்லை என்று ஒருத்தர் எழுந்து நின்று சொல்லி இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

நானும் சொன்னதில்லை. என் சம்சாரம் நீலாம்பாள் வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனாள். சபை முழுக்க உபவாசம் இருந்து கேட்டோம். தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், கோரையாற்றுக் கரையில் நின்று கேட்டேன். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு ஆடி கழிந்துவிட்டது. அதற்கப்புறமும் பிரசங்கம் செய்கிறேன், ஜெபிக்கிறேன், செத்தவர்களைப் புதைக்கிறேன். சாட்சி நேரத்தில் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவர்களுக்கு நல்லது.

எனக்கு அழைப்பு வந்தது எப்படி என்று கேட்பார்கள். வானம் திறக்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. எங்கப்பா நெஞ்சு நோயில் கிடந்தபோது சொந்தக்காரன் ஒருத்தன் வாசற்படி மிதிக்கவில்லை. சைக்கிளில் வருகிற ஒரு சபை ஊழியக்காரர் மட்டும் வந்து, அப்பா துப்பிய சட்டியைக் கழுவி வைத்தார். இதுதான் இவர்கள் வேலை என்றால் இதை என்னால் செய்ய முடியும் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் அழைப்பு. ஞானஸ்நானம் எடுக்கும்போது வைரக்கண்ணு என்கிற பேரை மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். கோரையாற்றுக் கரையில் தகர ஷெட் போட்டேன். கஜா புயலில் கூரை பறந்தது, திரும்பப் போட்டேன். வீட்டுக்கு வீடு போய் மூத்திரச் சட்டி எடுத்திருக்கிறேன். எந்த மேடையிலும் என்னை ஏற்றினதில்லை.

கூட்டம் முடிந்து பங்குனி பிறந்தது. ஒரு நாள் காலையில் நர்ஸ் ஷைலஜா ஸ்கூட்டரை ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"பாஸ்டரய்யா, உங்க ஆளு எனக்குக் கதவைத் திறக்க மாட்டேங்குறா."

"எந்த ஆளு நர்சம்மா?"

"குந்தவைதான். மாத்திரையை அப்படியே மாடத்துல வெச்சிருக்கா. அட்டை பிரிக்கல. கேட்டா கர்த்தர் சுகம் கொடுத்துட்டாராம். ஜன்னல் வழியா எனக்கு ஜெபம் பண்றா. எனக்கு மனந்திரும்புதல் வேணுமாம்."

"வேணும்தான். போன தடவை என் சட்டைக்கு மேலயே ஊசியைக் குத்துனீங்க."

"வெளையாடாதீங்க. நடுவுல விட்டா கிருமி முறுக்கிக்கும். அப்புறம் இந்த மாத்திரைக்கு அடங்காது. உங்க சாமி மன்னிச்சாலும் அது மன்னிக்காது. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

நான் போனேன். குந்தவை வீட்டு வாசலில் வேற்றூர்ப் பெண்கள் இரண்டு பேர் எண்ணெய்ச் சீசாவோடு உட்கார்ந்திருந்தார்கள். குந்தவை ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெய்க்கு மகிமை இருக்கிறதாம். மேடையில் அவள் பேசியது செல்போன் செல்போனாகச் சுற்றி வந்திருக்கிறது. அவள் புருஷன் தியாகராசன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன், மாரியம்மனைக் கும்பிடுகிறவன். வேப்பமரத்தடியில் பீடியோடு நின்றான்.

"வாங்க மாமா. உங்க சபையில எம்பொண்டாட்டியையும் பாஸ்டர் ஆக்கிட்டாங்க. இனி நான் பாஸ்டரம்மா வீட்டுக்காரன்."

"ராத்திரியில இருமுறாளா?"

அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "தலகாணியை வாயில வெச்சுக்கிட்டு இருமுறா. எனக்குக் கேக்கக் கூடாதாம். உங்க சாமியும் எங்க சாமியும் என்னவோ பண்ணிக்கட்டும். எனக்கு அவ வேணும் மாமா."

எண்ணெய்க்காரப் பெண்களை எழுப்பி அனுப்பினேன். குந்தவை உள்ளேயிருந்து வந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. அட்டை பிரிக்காத மாத்திரை மாடத்தில் இருந்தது. ஒன்றை எடுத்து முழுங்கச் சொன்னேன்.

"முடியாதுங்க ஐயா."

"ஏன்?"

"அத்தனை பேர் முன்னாடி வேண்டாம்னு சொன்னேன். இப்ப முழுங்குனா அது பொய்ச் சாட்சி."

"யாருக்கும் தெரியாது. முழுங்கு."

"அவருக்குத் தெரியும்ல? நீங்களே இப்படிச் சொல்லலாமா?" இருமல் வந்தது. முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அடக்கினாள். அடக்கிவிட்டு, "மேலத்தெருப் பொம்பளைங்க எங்க வீட்டுப் படியேறி வந்திருக்காங்க ஐயா. எனக்கு முன்னால தலையைக் குனிஞ்சு நிக்கிறாங்க. இதுவரைக்கும் கண்டிருக்கீங்களா? நான் சாட்சியை மாத்துனா கர்த்தர் பேருதான் கெடும்" என்றாள்.

அந்தத் தெருப் பெண்கள் வயலில் நின்று அவளை அடியே என்று கூப்பிட்டவர்கள். அவளுக்கு அந்த மரியாதை வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு அவள் நெஞ்சையா விலை வைப்பது? "செத்துப்போயிடுவடி" என்று சொல்லிவிட்டேன். அவள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "நீலா அத்தைக்கு எல்லா மருந்தும் கொடுத்தீங்களே ஐயா."

அதற்கு மேல் அங்கே நின்றால் கை நீண்டிருக்கும். வெளியே வந்துவிட்டேன்.

நேராக அறிவுச்செல்வன் உரக்கடைக்குப் போனேன். எம்.ஏ. படித்தவன், என் கையால் ஞானஸ்நானம் எடுத்தவன். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனில் அந்த வீடியோவைத்தான் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தான்.

"அவளை மேடையில ஏத்துனது நீதானே? நீயே போய் எறக்கி விடு. மாத்திரை சாப்பிடச் சொல்லு."

"ஐயா, உக்காருங்க. டீ சொல்றேன்."

"உன் டீயைக் கொண்டுபோய்க் கோரையாத்துல ஊத்து. சொல்லுவியா மாட்டியா?"

"விசுவாசத்துல நிக்கிற பொண்ணை நான் எப்படி ஐயா தடுக்கறது? நாளைக்கு எனக்குக் கணக்குக் கேப்பாரு."

"கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். பரிதாபம் காட்டுகிறவர்கள் அப்படித்தான் குரலைத் தாழ்த்துவார்கள். "கோவிச்சுக்காதீங்க. அம்மா போனதுலேருந்து உங்களுக்கு விசுவாசம் ஆடிப்போச்சு. சபையில எல்லாருக்கும் தெரியும். நாங்கதான் வெளிய சொல்லாம இருக்கோம்."

அந்தச் சென்னைத் தம்பிக்குப் போன் போடச் சொன்னேன். போட்டான். தம்பி மரியாதையாகப் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லையே. வேணுமான்னு கேட்டேன். அந்தச் சகோதரிதான் வேண்டாம்னு சொன்னாங்க. வீடியோவுல பாருங்க."

"நீங்க கேட்டதுனாலதானே தம்பி சொன்னா?"

"அது அவங்க விசுவாசம். நான் யாரு ஐயா இடையில?"

"அப்ப வீடியோவுல வந்து, மாத்திரை சாப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஊழியத்துல சோர்வு வரும் ஐயா. எனக்கும் வந்திருக்கு. உங்களுக்காக இப்பவே ஜெபிக்கிறேன்" என்றவர் உண்மையாகவே ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். போனை அறிவுச்செல்வன் மடியில் எறிந்துவிட்டு வந்தேன். என்ன அருமையான வேலை பாருங்கள். நெருப்பு வைத்தவன் அடுத்த ஊரில் இருக்கிறான், கேட்டால் தீப்பெட்டியைக் காட்டினேன், கிழித்தது அவள் என்கிறான்.

மத்தியான வெயிலில் ஷெட்டைத் திறந்தேன். தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. சபையில் ஆண்டவரிடம் பேசினால் நீர், உம்முடைய என்று பேசுவேன். தனியாக இருந்தால் நீ, உன்னோட என்றுதான் வரும். அன்றைக்கு இன்னும் மோசமாக வந்தது.

"கேக்குதா? நீ குணமாக்குறதா இருந்தா ஆக்கு. முடியலையா, மாத்திரைக்காவது வழி விடு. ரெண்டும் கிடையாது. மேடை போடுறவனுக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடணும். உன் பேரைச் சொல்லி ஒரு பொண்ணு சாகப்போறா. பாத்துக்கிட்டு இருக்கே. நீலாம்பாளையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தே."

தகரம் வெயிலில் படபடவென்று வெடித்தது. அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. சாவியை அறிவுச்செல்வனிடம் கொடுத்துவிட்டு வரப்பு வெட்டப் போய்விடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அவன் நன்றாகப் பேசுவான், கீபோர்டு வாங்குவான், சபை பெருகும். ஆனால் குந்தவை செத்தால் அவளுடைய அடக்கத்தில் அவன் என்ன பேசுவான் என்று யோசித்தேன். அவளுடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று பேசுவான். கட்டாயம் பேசுவான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசுவான். சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் நிறைந்திருந்தது. குந்தவையைப் பார்க்க வெளியூர் ஆட்களும் வந்திருந்தார்கள். தியாகராசன் வழக்கம்போல வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றான். பாட்டு முடிந்ததும் என்னைக் கேட்காமலே அறிவுச்செல்வன் எழுந்து, "நம்ம சகோதரி சாட்சியைத் திரும்பச் சொல்லுவாங்க" என்றான்.

குந்தவை எழுந்தாள். "கர்த்தர் எனக்கு" என்று ஆரம்பித்தாள். இருமல் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி வந்தது. இந்தத் தடவை அடங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முந்தானையை மடித்து மறைத்தாள், ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் சிவப்பைப் பார்த்துவிட்டார்கள். அறிவுச்செல்வன் சத்தமாக, "சத்துருவின் கிரியை, எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றான். சொன்னார்கள். ஒரு பெண் ரத்தம் துப்பிக்கொண்டு நிற்கிறாள், ஷெட்டு முழுக்க ஸ்தோத்திரம்.

நான் மேசையைக் கையால் அடித்தேன். "போதும். உக்காருங்க எல்லாரும். நான் சாட்சி சொல்றேன்."

சத்தம் நின்றது. நான் எழுந்து சாட்சி சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. அறிவுச்செல்வனுக்கு முகம் மலர்ந்துவிட்டது, பாவம்.

"நீலாம்பாளுக்கு வயித்துல கட்டி வந்துச்சு. உங்களுக்குத் தெரியும். இதே தரையில குப்புற விழுந்து கேட்டேன். சோறு திங்காம கேட்டேன். நீங்களும் கேட்டீங்க. கொடுக்கல. அவ வலியில கத்துனா. ஆஸ்பத்திரி மருந்துதான் அவளைக் கொஞ்சம் தூங்க வெச்சுது, என் ஜெபம் தூங்க வெக்கல. செத்துப்போனா. ஏன்னு கேட்டேன், பதில் இல்ல. இன்னிக்கு வரைக்கும் இல்ல. எனக்கு அவர் மேல கோவம். இந்த ஷெட்டைத் திறக்கும்போதும் கோவம், பூட்டும்போதும் கோவம். ஆனா திறக்கிறேன். அவர் இல்லேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு பாத்தேன், முடியல. இல்லாத ஆளு மேல இவ்வளவு கோவம் வராது. இதான் என் சாட்சி. கேட்டது கிடைக்கல, இன்னும் இங்கதான் நிக்கிறேன். ஸ்தோத்திரம் சொல்றவங்க சொல்லுங்க."

ஒருத்தரும் சொல்லவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது.

குந்தவையைப் பார்த்துத் திரும்பினேன். "நீ மேடையில சொன்னது பொய்ச் சாட்சி இல்ல. உன்னைக் கேட்டதுதான் பொய்க் கேள்வி. ஆனாலும் பாவம்னு ஒண்ணு இருந்தா, இந்தச் சபைக்கு மேய்ப்பனா அந்தச் சாட்சியை நான் வாங்கிக்கிறேன். இந்த நிமிஷத்துலேருந்து அது என் தலையில. ஏழு மடங்கு வந்தாலும் எனக்கு வரட்டும். எல்லாரும் கேட்டுக்கங்க. இனி அவளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. போய் மாத்திரை முழுங்கு."

அறிவுச்செல்வன் எழுந்தான். "இது சபையா, இல்ல நாத்திகர் கூட்டமா? விசுவாசிகளை இடறப் பண்றீங்க."

"எந்திரிச்சுட்டேல்ல, அப்படியே போ."

போனான். அவனோடு பாதிக்கு மேல் எழுந்தது. சின்ன வயதில் நான் மடியில் வைத்து ஜெபித்த பிள்ளைகளெல்லாம், தாயும் தகப்பனுமாய்க் குடும்பத்தோடு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அதில் ஒருத்தி பாயைக்கூடச் சுருட்டி எடுத்துக்கொண்டாள், அவள் கொடுத்த பாயாம். அவன் உரக்கடைக்குப் பின்னால் புதுச் சபை ஆரம்பித்துவிட்டான். நன்றாக நடக்கிறது என்று கேள்வி.

குந்தவையும் எழுந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

சாயங்காலம் தியாகராசன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வீட்டுக்கு வந்ததுலேருந்து அழுவுறா. நடுநடுவுல உங்களைத் திட்டுறா. ஊரு முன்னாடி அவளை இருமக்காரின்னு ஆக்கிட்டீங்களாம். இனிமே எந்தத் தெருப் பொம்பளை படியேறுவான்னு கேக்குறா."

"மாத்திரை?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னுட்டா." அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "பாவம் உங்க தலையிலன்னு சபை முன்னால சொல்லிட்டீங்களாம். அத்தனை பேர் கேட்டாங்களாம். இனிமே அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் நடுவுல இருக்குற தகராறாம். அவளுக்குத் தெரியாதாம்."

"சரி."

"நெசமாவே உங்க தலையில வந்துருமா மாமா?"

"வந்தா வரட்டும். ஏற்கெனவே என்ன குறையாக் கிடக்கு?"

மறுநாள் ஷைலஜா கூடப் போய்ச் சோதிக்க வைத்தாள். நல்லவேளை, கிருமி அதே மாத்திரைக்கு அடங்குகிற நிலையில்தான் இருந்தது. ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். இதுவரை முழுங்கியது கணக்கில் வராது. இந்தத் தடவை பக்கத்தில் ஒரு ஆள் நின்று, முழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். தியாகராசன் அறுவடை மிஷினோடு ஆந்திரா பக்கம் போய்விட்டான். ரத்தம் துப்பினாள் என்று தெரிந்தபின் தெருக்காரர் யாரும் கிட்டே போவதாக இல்லை. எண்ணெய்ச் சீசாக்காரிகள் ஒருத்தியும் வரவில்லை. ஷைலஜாவுக்கு எத்தனையோ ஊர்.

அதனால் நான் போகிறேன். விடிந்ததும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் நிற்கிறேன். அவள் என்னோடு பேசுவதில்லை. செம்பில் தண்ணீர் எடுத்து வருவாள், மாத்திரையை ஒன்றொன்றாக வாயில் போட்டு என்னை முறைத்துக்கொண்டே முழுங்குவாள். சபைக்கு வருவதில்லை. என் சபைக்கும் வருவதில்லை, அவன் சபைக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் மிஞ்சியவர்களை வைத்துப் பாட்டுப் பாடினால் தகரச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் பிரசங்கம் பண்ணுகிறேன்.

இன்றைக்குக் காலையில் மாத்திரையை முழுங்கியதும் அவளுக்கு வாந்தி வந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து எடுத்தாள். நான் அசையாமல் நின்றேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "என்ன நிக்கிறீங்க, முழுங்குனதைப் பாத்தாச்சுல்ல?" என்றாள். மாதக்கணக்கில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"வெளிய வந்துருச்சே. நர்சம்மாவுக்குப் போன் போட்டுக் கேக்குறேன். இன்னொன்னு போடச் சொன்னா போடணும்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்ல."

போன் போட்டேன். இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னாள் ஷைலஜா. குந்தவை அட்டையைப் பிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய முழுங்கினாள். கன்னத்தில் லேசாகச் சதை பிடித்திருந்தது, கழுத்து எலும்பு அவ்வளவாகத் தெரியவில்லை. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, வேண்டுமென்றே. பிறகு கதவைப் பட்டென்று சாத்திக்கொண்டாள்.

நடவு முடிந்த குறுவை வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பிலேயே நடந்து வந்தேன். இவளுக்குக் கொடுத்தே, சரி, நீலாம்பாளுக்கு ஏன் கொடுக்கல என்று சத்தமாகவே கேட்டேன். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பார்க்கட்டும். நாளைக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நாளைக்கும் கேட்பேன்.